ஆட்டுச் சூலகத்தில் ஏற்பியைத் தேடியபோது

திருகோணமலைப் பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்: கிடாயோடு சேர்ப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே மறிக்கு நல்ல தீன் போட்டால் இரட்டைக் குட்டிக்கு வாய்ப்புக் கூடும். இதற்கு ஒரு காரணம் சூலகத்துக்குள் இருக்கிறது. தீன் நன்றாகக் கிடைக்கும் ஆட்டின் ஈரல், இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி-1 என்னும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கும். அது முட்டையைச் சுற்றியுள்ள கிரனுலோசா கலங்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் ஒட்டும்போது, அந்தக் கலங்கள் முட்டையை வளரச் செய்யும் எஃப்.எஸ்.எச். ஹோர்மோனுக்கு இன்னும் நன்றாக இசைந்து கொடுக்கின்றன. அந்த ஏற்பியை எங்கள் ஊர் ஆடுகளில் நிறமூட்டிப் பார்ப்பதுதான் எனது பட்டப்படிப்பு ஆய்வு.

கடிதங்களும் அனுமதிகளும் தாமதமாகத்தான் வரும், முதலிலேயே தொடங்குங்கள். அப்புறம் ஆடு அறுக்கும் மடுவம். விடிவதற்கு முன் போய் நிற்க வேண்டும். அங்கிருந்த நானாவிடம் எதற்கு இது என்று விளக்கியபின், சூலகங்களை அவரே பதமாக எடுத்துத் தந்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் பல்லைப் பார்த்து வயதையும், முதுகெலும்பைத் தடவி உடல் நிலையையும் அறுக்குமுன்னே குறித்துக்கொண்டேன். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மெலிந்த ஆடுகள்தான் அதிகம் வந்தன. இந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது.

சூலகத்தை உப்புக் கரைசலில் இட்டு, மீன் சந்தையில் வாங்கிய ஐஸ் நிரப்பிய ரெஜிபோம் பெட்டியில் வைத்தேன். ஐஸ் நேரடியாகப் படக்கூடாது, இழையம் உறைந்தால் கலங்கள் சிதையும். வீட்டுக்கு வந்ததும் இரண்டாக வெட்டி 10% ஃபோர்மலினில் போட்டுவிட வேண்டும். முழுதாகப் போட்டால் நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேர நேரமாகும். ஒரு நாளுக்குப் பிறகு 70% அற்ககோலுக்கு மாற்றினேன். ஃபோர்மலினில் அதிக நாள் கிடந்தால் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, நாம் தேடும் இடம் மறைந்துபோகும். பேராதனை ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனதும் அற்ககோலில்தான்.

மிகவும் யோசிக்க வைத்தது பிறபொருளெதிரி, அதாவது ஏற்பியைத் தேடிப்போய் ஒட்டும் புரதம். விற்பனையாகிறவை பெரும்பாலும் மனிதப் புரதத்துக்கோ எலிப் புரதத்துக்கோ தயாரித்தவை, ஆட்டில் வேலை செய்யும் என்று தாளில் எழுதியிருக்காது. எந்தப் புரதத் துண்டுக்கு எதிராக அதைத் தயாரித்தார்கள் என்று கேட்டு, ஆட்டின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் வாங்கினேன். இன்னொன்றும் முக்கியம்: ஆட்டில் தயாரித்த பிறபொருளெதிரியை ஆட்டு இழையத்துக்குப் பாவிக்காதீர்கள். அதைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது பிறபொருளெதிரி, இழையத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆட்டின் சொந்தப் பிறபொருளெதிரிகளிலும் ஒட்டிவிடும். நான் முயலில் தயாரித்ததை எடுத்தேன்.

மெழுகில் பதித்து 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, மறைந்த இடம் வெளிப்படச் சித்திரேற்றுக் கரைசலில் சூடாக்கி, முதலாவது பிறபொருளெதிரியை இட்டு இரவு முழுக்க 4 பாகையில் வைத்து, மறுநாள் பெரொக்சிடேசு நொதியம் இணைத்த இரண்டாவது பிறபொருளெதிரியையும், அந்த நொதியம் கபிலமாக்கும் டி.ஏ.பி. என்னும் பொருளையும் இட்டால் ஏற்பி உள்ள இடம் கபில நிறமாகும். முதல் தொகுதியில், முதலாவது பிறபொருளெதிரி இடாத கட்டுப்பாட்டுத் தகட்டிலும் இரத்தக் குழாய்கள் கபிலமாகத் தெரிந்தன. செங்குழியங்களிலேயே பெரொக்சிடேசு செயற்பாடு உண்டு, அதுதான் காரணம். அதை அடக்க ஐதரசன் பெரொக்சைட்டில் வைக்கும் நேரத்தைக் கூட்டியதும் தெளிந்தது. அந்தத் தகடு இல்லையென்றால் குழாய்ச் சுவரில் ஏற்பி கண்டதாக எழுதியிருப்பேன்! ஒவ்வொரு தொகுதியிலும் அதைக் கட்டாயம் வையுங்கள்.

சரி, என்ன தெரிந்தது? முட்டையைத் தாங்கி வளரும் சிறு பைகளான நுண்பைகளின் கிரனுலோசா கலங்களில் கபிலம் அழுத்தமாக இருந்தது, சிதைந்துகொண்டிருந்த நுண்பைகளில் மங்கல். நுணுக்குக்காட்டியில் அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் டி.ஏ.பி.யின் அழுத்தத்தை ஏற்பியின் அளவாக எடுக்கக்கூடாது, அளவுக்கு வேறு பரிசோதனை வேண்டும். நிறத்துக்குப் புள்ளி கொடுக்கும்போது எந்த ஆட்டின் தகடு என்று தெரியாதபடி இலக்கத்தை மறைத்து, இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தோம். மெலிந்த ஆடு, கொழுத்த ஆடு என்று பிரித்தது அதற்குப் பிறகுதான்.