கடலோரக் கோடைக் குடியிருப்பின் படச்சுருள்களைத் தேடி

கோடைதோறும் நாங்கள் போய்த் தங்கிய கடலோரக் குடியிருப்பு இன்று இல்லை. கடல் அரிப்பில் முன்வரிசை வீடுகள் போயின. மிச்சத்தை இடித்துவிட்டார்கள். அங்கே பிலிமில் எடுத்த அசையும் படங்களைத் தேடி, அந்நாளைய அக்கம்பக்கத்தாரைத் தொடர்புகொண்டேன். "பழைய வீடியோ இருக்கா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "உள்ளங்கை அகல பிலிம் சுருள், மஞ்சள் அட்டைப்பெட்டி ஏதாவது?" என்று கேட்ட பிறகே பரண்கள் திறந்தன.

கிடைத்ததும் முகர்ந்துதான் பார்க்க வேண்டும். வினிகர் நெடி அடித்தால் பிலிமின் அடித்தளமான அசிட்டேட் பிளாஸ்டிக் சிதைகிறது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும் என்பதால் நெடி அடித்தவற்றைத் தனியே வைத்தேன். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை, நான் விடவில்லை. சுருங்கிய பிலிம் பல்சக்கரத்தில் மாட்டினால் கிழிந்துவிடும்.

சுருள் எந்த வகை என்று ஓரத்துளையே சொல்லிவிடும். அது பிரேம்களின் (பிலிமிலுள்ள தனித்தனிப் படங்களின்) இடைக்கோட்டில் பெரிதாக இருந்தால் 1932-இல் வந்த சாதா 8 மி.மீ.; பிரேமின் நடுவுக்கு நேராகச் சிறிதாக இருந்தால் 1965-இல் வந்த சூப்பர் 8. 50 அடிச் சுருளில் மூன்று நான்கு நிமிடப் படம்தான் இருக்கும். கோடாக் பிலிம் ஓரத்திலுள்ள வட்டம், சதுரம், முக்கோணக் குறிகள் பிலிம் தயாரான ஆண்டைச் சொல்லும். ஆனால் அதே குறி 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்.

பிரேம் பிரேமாக ஸ்கேன் செய்யக் கொடுத்தபோது, மங்கலான காட்சிகளையும் வெட்டக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். நான் தேடிய ஊர் பின்னணியில்தான் இருந்தது. ஒரு குழந்தை மணலில் தடுமாறி நடக்கிறது. கேமரா அதையே துரத்துகிறது. பின்னால் நீலக் கதவு, மரப்படி, கொடியில் ஈரத்துண்டுகள், அப்பால், அரிப்பைத் தடுக்கக் கற்கள் கொட்டாத வெறும் கரை. பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, அவர்கள் பேசியதைப் பதிவு செய்தேன். "அது எங்க வீட்டுப் படி!" என்று ஒரு பாட்டி எழுந்தே விட்டார். கற்கள் கொட்டுவதற்கு முன்பா பின்பா என்று பார்த்தே பல காட்சிகளுக்கு ஆண்டைக் குறுக்கினோம். அவர்கள் சொல்லச் சொல்ல வீடுகளின் வரிசையை வரைந்துகொண்டேன். இன்னும் சில வீடுகளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

ஒரு பெட்டியில், படம் எடுத்தும் அலசாத (டெவலப் செய்யாத) கோடாக்ரோம் என்ற கோடாக் வண்ணப் பிலிம் சுருளும் இருந்தது. அதை வண்ணத்தில் அலசும் கடைசிக் கூடமும் 2010 இறுதியோடு நிறுத்திவிட்டது. இனி கறுப்பு வெள்ளையாகத்தான் அலச முடியும். அதற்கு அனுப்பியிருக்கிறேன்.