மணியாச்சி வழக்கு: நாட்குறிப்பிலிருந்து

ஜூன் 13

துப்பறியும் கதைகளில் ரயில் கொலை என்றால் எனக்குத் தனி ருசி. செத்தவனோடு ஒவ்வொரு பயணிக்கும் ஏதோ பழைய பாக்கி இருக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். திருநெல்வேலிக்காரனுக்கு அதைத் தேடி எங்கேயும் போக வேண்டாம், மணியாச்சி இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் சுடப்பட்ட வெள்ளைக்காரக் கலெக்டர் ஆஷின் கொலை வழக்கைப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 14

1911 ஜூன் 17. கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க, கலெக்டர் ஆஷும் மனைவியும் காலை 9.30க்குத் திருநெல்வேலியில் வண்டி ஏறினார்கள். 10.38க்கு மணியாச்சி. போட் மெயில் ரயில் வர இன்னும் பத்து நிமிடம். முதல் வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது குடுமி வைத்த ஒருவர் ஏறினார். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி. குண்டு மார்பில் பாய்ந்தது. காற்றின் இரைச்சலில் வெடிச்சத்தம் அமுங்கிப்போனதாம். ஆனி மாதம் அந்த பிளாட்பாரத்தில் நின்றவர்கள் இதை உடனே நம்புவார்கள். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, வாயைத் திறந்தால் மண்.

சுட்டவர் கழிப்பறைக்குள் ஓடி, தன் வாயிலேயே சுட்டுக்கொண்டார். செங்கோட்டை வாஞ்சிநாதன், வனத்துறை ஊழியர். கொலையாளி யார் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துபோயிற்று. கதை எழுதுகிறவன் எவனும் இப்படி ஆரம்பிக்க மாட்டான்.

ஜூன் 16

வாஞ்சியின் சட்டைப்பையில் கடிதம்: 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்று. மூவாயிரம் எனக்கு ரொம்ப அதிகமாகப் படுகிறது. ஆனால் தனியாள் வேலை இல்லை என்று போலீசுக்குப் புரிந்துவிட்டது. வாஞ்சி வீட்டில் கிடைத்த கடிதங்களைப் பிடித்துக்கொண்டு ஒட்டப்பிடாரம் ஆறுமுகம் பிள்ளைவரை போனார்கள். அவர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்புச் சாட்சி, ஆனதும் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

குற்றவாளிக் கூண்டில் 14 பேர். முதல் ஆள் நீலகண்ட பிரம்மச்சாரி. மற்றவர்களில் சமையல்காரர், வக்கீல் குமாஸ்தா, பள்ளி வாத்தியார், விவசாயி, வியாபாரி, வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணன். செங்கோட்டை பாசஞ்சரில் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தால் இந்த ஆட்கள்தானே இருப்பார்கள்! அவர்களைச் சேர்த்துக் கட்டிய ரகசியச் சங்கம் ஒன்று. ஆஷ்மேல் இருந்த பகை 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யையும் சுதேசிக் கப்பலையும் ஒடுக்கிய நாளிலேயே தொடங்கியது.

நீலகண்டனுக்கு 7 வருஷம், சங்கரகிருஷ்ணனுக்கு 4 வருஷம்.

ஜூன் 17

இன்று வாஞ்சி மணியாச்சியில் இறங்கினேன், மணியாச்சி ஸ்டேஷனுக்கு இப்போது அதுதான் பெயர். பெஞ்சில் இருந்த பெரியவரிடம் வழக்கைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், அவர் என்னையே மடக்கினார்.

"கூட இன்னொருத்தன் வந்தாம்லா தம்பி, அவன் என்ன ஆனான்?"

"மாடசாமின்னு சொல்றாங்க தாத்தா. கடைசிவரை பிடிபடவே இல்ல."

"அப்போ கேஸ் முடியலேன்னு சொல்லு."

சரிதான். தீர்ப்பை முழுசாகப் படித்தாக வேண்டும். விசாரித்த மூன்று நீதிபதிகளில் சங்கரன் நாயரும் ஒருவர், அவர் எழுதியதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.