கட்டம் கட்டின செய்திக்கு அப்புறம் என்ன ஆச்சு

பேப்பரை விரிச்சா என் கண்ணு முதல்ல போறது ஓரத்துல கட்டம் கட்டிப் போடுற குட்டிச் செய்திக்குத்தான், எங்கயோ மீன் மழை பெஞ்சுதாம், செத்துட்டாருன்னு நெனச்ச ஆளு எந்திரிச்சு உக்காந்துட்டாராம், இந்த மாதிரி. நாலு வரிதான் இருக்கும், அடடேன்னு சொல்லிட்டு பக்கத்தைத் திருப்பிடுவோம். எனக்கு அந்த நாலு வரி போதல. அப்புறம் என்ன ஆச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தேடிப் போய்ப் படிக்கணும், நல்ல நாவல் குடுக்குற அதே கனம் எனக்கு இதுலயும் கிடைக்குது.

1919 ஜனவரி 15, அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல பாகு வெள்ளம் வந்துச்சு. கேட்டதும் சிரிப்பு வரும், வெள்ளம்னா தண்ணிதானே. சர்க்கரை தயாரிக்கும்போது மிஞ்சுற கருப்புப் பாகு, மொலாசஸ், அதைச் சேத்து வைக்கிற 50 அடி உயர டேங்க் மதிய சாப்பாட்டு நேரத்துல வெடிச்சு, 20 லட்சம் கேலனுக்கு மேல அப்படியே தெருவுல பாஞ்சிருக்கு. பாகுதானே, மெதுவா ஊர்ந்து வரும்னு நெனப்போம், ஆனா அலை 25 அடி உயரம், மணிக்கு 35 மைல் வேகம்னு சொல்றாங்க. 21 பேர் செத்துட்டாங்க, சுமார் 150 பேருக்குக் காயம், ஒட்டிக்கிட்டு எந்திரிக்க முடியாம குதிரைங்க வேற. சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல.

ஆனா என்னை ரொம்ப உலுக்குனது வெடிச்ச அன்னைக்கு நடந்தது இல்ல, அதுக்கு முன்னாடி நடந்தது. 1915ல கட்டின டேங்க் அது, ஆரம்பத்துலேர்ந்தே ஒழுகிட்டு இருந்திருக்கு. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க பாத்திரம் கொண்டு வந்து ஒழுகுற பாகைப் பிடிச்சுட்டுப் போவாங்களாம். கம்பெனி என்ன பண்ணுச்சுன்னா, ஒழுகுறது தெரியக்கூடாதுன்னு டேங்குக்கு பழுப்பு பெயிண்ட் அடிச்சுடுச்சு! வெடிச்சப்புறம் யாரோ குண்டு வச்சுட்டாங்கன்னு சொல்லிப் பாத்தாங்க, வருஷக்கணக்கா விசாரணை நடந்து அது எடுபடாம கடைசியில நஷ்டஈடு குடுத்தாங்க. உலகத்துக்குத்தான் இது விநோதச் செய்தி, அந்தத் தெருவுல இருந்தவங்களுக்கு தினமும் கண்ணு முன்னாடி ஒழுகிட்டு இருந்த விஷயம், தினமும் பாத்ததாலயே பழகிப் போயிருக்கும்.

இப்படித் தேடித் தேடிப் படிச்சதுல எனக்கு ஒண்ணு தோணுது, விநோதம்னு நாம சொல்றதுல பாதி ரொம்ப சாதாரண இடத்துலேர்ந்துதான் கிளம்புது. 2001ல கேரளாவுல கோட்டயம், இடுக்கி பக்கம் சிவப்பு மழை பெஞ்சப்ப விண்கல் தூசின்னு சொன்னாங்க, வேற கிரகத்து உயிருன்னு கூட எழுதுனாங்க. அரசாங்கம் சோதிக்கச் சொன்னப்ப அதே ஊர் மரத்துலயும் பாறையிலயும் படர்ந்து கிடக்குற ஒரு வகைப் பாசியோட வித்துகள்னு வந்துச்சு. வேற கிரகக் கதை பரவின அளவுக்கு இந்தப் பாசிக் கதை பரவல, எனக்கு அதுல நெஜமாவே வருத்தம். வானத்தைப் பாத்து ஆச்சரியப்பட்டவங்க பக்கத்து மரத்தையும் ஒரு தடவை பாத்திருக்கலாம், அதுவும் ஆச்சரியம்தானே, ஒரு பாசி மழைக்கே நிறம் குடுக்குறது.

இப்ப படிச்சுட்டு இருக்குறது வாத்துக் கதை. 1992 ஜனவரியில பசிபிக் கடல்ல ஒரு கப்பல்லேர்ந்து கன்டெய்னர் விழுந்து 28,000க்கு மேல குளியல் பொம்மை மிதக்க ஆரம்பிச்சுது, மஞ்சள் வாத்து, பச்சைத் தவளை, நீல ஆமை, சிவப்பு பீவர்னு ஆத்துல அணை கட்டுற ஒரு விலங்கு. அந்த வருஷக் கடைசியில அலாஸ்கா கரையில ஒதுங்குச்சு. கர்டிஸ் எப்பஸ்மேயர்னு ஒரு கடல் ஆராய்ச்சியாளர், கரையில நடக்கப் போறவங்க கிட்ட எந்த இடத்துல, எந்தத் தேதியில கிடைச்சுதுன்னு தகவல் கேட்டு வாங்கி, நீரோட்டம் எப்படி சுத்துதுன்னு கணக்கு போட்டாரு. குப்பைன்னு தாண்டிப் போகாம தேதியைக் குறிச்சு அனுப்புனவங்க பெரும்பாலும் விஞ்ஞானி இல்ல, அவங்களைப் பத்தித்தான் இன்னும் தேடிட்டு இருக்கேன்.