பாதை முடிந்த இடத்திலிருந்து மேலே: நிவாரணப் பொருள் கொண்டுசென்ற அனுபவம்

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள், மலைச்சரிவில் இருந்த ஒரு குடியிருப்புக்கு நிவாரணப் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு எங்கள் தன்னார்வக் குழுவிடம் வந்தது. சமவெளியில் வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டதால் அங்கே படகுகளும் லாரிகளும் போய்வந்துகொண்டிருந்தன. மலைப்பக்கத்தில் சாலை நான்கு இடங்களில் சரிந்து கிடந்தது. மேலே 43 குடும்பங்கள் சிக்கியிருக்கின்றன என்ற செய்தியே, அங்கிருந்து நடந்து இறங்கி வந்த இளைஞர்கள் 15 பேர் சொல்லித்தான் தெரிந்தது. ஏறத்தாழ 190 பேரின் பெயர்களை எழுதிய ஒரு தாளையும் அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள்.

எங்கள் முதல் தவறு லாரியை ஏற்றிய விதத்திலேயே இருந்தது. உணவுப் பொருள்கள் முன்பக்கம், போர்வைகள் நடுவில், தார்ப்பாய்கள் பின்பக்கம் என்று கிடங்கில் அடுக்குவதைப்போல வகைவாரியாக அடுக்கியிருந்தோம். சாலை முடிந்து, கடைசி மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் தோளில் சுமந்துதான் போகவேண்டும் என்று தெரிந்தபோது, தூறலில் நின்றபடி அத்தனையையும் இறக்கிப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு மூட்டையாகக் கட்ட ஐந்து மணி நேரம் பிடித்தது. நான்குக்கு ஆறு மீட்டர் தார்ப்பாய் ஒன்றே ஐந்து கிலோவுக்கு நெருங்கிவரும். சேற்றில் ஏறுகிறவர் ஒரு கையால் பிடிமானம் தேடவேண்டும் என்பதால், மூட்டை 12 கிலோவைத் தாண்டக் கூடாது என்று முடிவு செய்தோம். எங்களில் 28 பேர், ஊர் இளைஞர்கள் 15 பேர், ஆளுக்கு ஒரு மூட்டை. நன்கொடையாக வந்திருந்த பழைய துணி மூட்டைகளைக் கீழேயே விட்டுவிட்டோம். அவை ஏற்கெனவே பாதி நனைந்திருந்தன, மேலே யாரும் அவற்றைக் கேட்கவுமில்லை.

தண்ணீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். குடிக்கவும் சமைக்கவும் கழுவவும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் வேண்டும் என்று மனிதநேய உதவிக்கான ஸ்பியர் நெறிமுறை கூறுகிறது. 190 பேருக்கு அது 2,850 லிட்டர். அதாவது ஒரு நாளைக்கே ஏறக்குறைய மூன்று டன். புட்டித் தண்ணீரைச் சுமந்து அந்த ஊரின் தாகத்தைத் தணிக்க முடியாது என்பது அந்தக் கணக்கைப் போட்ட நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. இருபது லிட்டர் தெளிந்த நீருக்கு ஒன்று வீதம் போடும் குளோரின் மாத்திரைகளானால், அந்த மூன்று டன்னுக்கும் நாளொன்றுக்கு 143 மாத்திரைகள் போதும். ஒரு வாரத்துக்கானவை ஒரே தோள்பைக்குள் அடங்கின. ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்தால் மட்டும் போதாது. கலங்கிய நீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும், மாத்திரை போட்டபின் அரை மணி நேரம் மூடிவைக்க வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் செய்துகாட்ட ஒருவரைத் தனியாக நியமித்தோம்.

நான்காம் நாள் காலையில் ஏறத் தொடங்கினோம். முந்தைய நாள் இரவே தூறல் நின்று வெயிலும் வந்திருந்ததால், ஆபத்து விலகிவிட்டது என்றே நான் நினைத்தேன். பாதி வழியில் ஓர் ஓடையைக் கடக்கவிருந்த நேரத்தில், முன்னே நடந்த பெரியவர் எங்களை நிறுத்தினார். ஓடை முன்பைவிடக் கலங்கலாகவும், அதே சமயம் மெலிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. “தண்ணி குறைஞ்சிருக்கு தம்பி. மேல எங்கயோ அடைச்சுக்கிட்டு நிக்குது. இன்னிக்கு வேண்டாம்” என்றார். பசியோடு காத்திருப்பவர்களை நினைத்துச் சிலர் வாதாடினார்கள். நானும் உள்ளூரத் தயங்கினேன். ஆனாலும் திரும்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் கல்லும் மண்ணும் மரங்களும் அந்த ஓடைவழியே இறங்கும் ஓசை கீழே வரை கேட்டது. ஊறிய மண் மழை நின்றபிறகும் சரியக்கூடும் என்பதைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். சாய்ந்த மரம், நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென நிறமோ அளவோ மாறும் ஓடை ஆகியவற்றைக் கண்டால் திரும்பவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அந்த ஓடையைப் பார்த்து அதைப் படித்தவர் அந்த மலையில் வாழ்ந்தவர்தான். அவரிடம் நாங்கள் 43 பேரும் கடன்பட்டிருக்கிறோம்.

மறுநாள், கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்துவிட்டு, அவர் காட்டிய மலைமுகட்டு வழியே இரண்டு மணி நேரம் கூடுதலாக நடந்து ஊரை அடைந்தோம். பள்ளிக்கூடத் திண்ணையில் பட்டியலை உரக்கப் படித்து, ஒவ்வொரு குடும்பமாக அழைத்துக் கொடுத்தோம். எல்லோர் முன்னிலையிலும் படித்ததால் சச்சரவு எழவில்லை. யார் விடுபட்டார்கள் என்பதும் அங்கேயே வெளிப்பட்டது. வாடகைக்குக் குடியிருந்த இரண்டு குடும்பங்களும், தனியாக வாழ்ந்த ஒரு மூதாட்டியும் அந்தத் தாளில் இல்லை. எங்களிடம் கூடுதலாக ஒரு மூட்டைகூட இல்லை. பத்துக்கு ஒன்று வீதமாவது மிகையாக எடுத்துச்செல்லாதது என் பிழை. மூதாட்டியைப் பக்கத்து வீட்டார் தங்கள் தார்ப்பாயின்கீழ் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு குடும்பங்களும் பள்ளிக்கூடத்திலேயே தங்கின.

எங்கள் குழுவில் வந்த மூன்று பெண்கள் இல்லாவிட்டால், மாதவிடாய்க்கால நாப்கின்களும் உள்ளாடைகளும் தேவை என்பது என் காதுக்கு வந்தே இருக்காது. நன்கொடைப் பால்மாவைக் கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவேண்டாம் என்று தடுத்தவர்களும் அவர்களே. சுத்தமான நீரும் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத இடத்தில் அது வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும் என்று அவர்கள் சொன்னது சரி. அதற்குப் பதிலாகத் தாய்மாருக்குக் கூடுதல் உணவு ஒதுக்கினோம்.

புறப்படும்போது பட்டியலை அந்த ஊரில் குழந்தைகள் மையத்தைக் கவனித்துவந்த பெண்ணிடம் ஒப்படைத்தோம். இரண்டு நாள் கழித்து நாங்கள் மீண்டும் ஏறியபோது, விடுபட்ட மூன்று வீடுகளையும் சேர்த்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேவையானதைப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்: இரத்த அழுத்த மாத்திரை, கைவிளக்குக்கு மின்கலம், வெள்ளத்தில் தொலைந்த மூக்குக்கண்ணாடி. அந்த முறை தூக்கிச்சென்ற மூட்டைகளில் மூன்றை முதலில் அவிழ்த்துக் கொடுத்தோம். மற்றவற்றை அவர் குறிப்புகளின்படி கட்டுவதற்காக, தாளை வாங்கிக்கொண்டு இறங்கினோம்.