கேனா (can), குட்டா (could)?

"இப்பவும் அதே ஆறுதானே சார் ஓடுது? அப்புறம் ஏன் குட்?"

நான் எடிட் செய்த ஆங்கில வெள்ள அறிக்கையில் ஒரே ஒரு வினைச்சொல்தான் பிரச்சினை. 2015 டிசம்பர் 1 இரவைப் பற்றி, அறிக்கையைத் தயாரித்த பெண் எழுதியிருந்தது: 'தி அடையாறு ரிசீவ்ட் மோர் வாட்டர் தேன் இட் கேன் கேரி.' நான் 'கேன்' அடித்து 'குட்' போட்டேன். "முன்னாடி பாஸ்ட் வந்தா பின்னாடியும் பாஸ்ட்தான் வரணுமா சார்?"

அப்படி ஒரு விதியே கிடையாது. 'தேன்' (than) வந்துவிட்டால் இரண்டு பக்கமும் தனித்தனி நேரம். 'தி லேக் இஸ் ஃபுல்லர் தேன் இட் வாஸ் இன் ஜூன் 2019' சரி. செம்பரம்பாக்கம் ஏரி அப்போது வறண்டு கிடந்தது. திருப்பிப் போட்டு 'இட் ஹெல்ட் லெஸ் தென் (then) தேன் இட் டஸ் நௌ' என்றாலும் சரி. 'டிட் நௌ' என்றால்தான் தப்பு. நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான். 'போன வருஷத்தை விட' என்று தமிழில் வினையே இல்லாமல் முடித்துப் பழகியவர்கள், ஆங்கிலத்தில் வினை தேவைப்பட்டதும் முன்பாதியில் இருப்பதையே காப்பியடித்துவிடுவார்கள். பின்பாதியில் 'நௌ', 'லாஸ்ட் இயர்' மாதிரி ஒரு நேரச் சொல்லை மனதுக்குள் சேர்த்துப் படித்தால் பிசகு உடனே தெரியும். (முன்பாதியில் 'வாஸ்' இருந்தால் 'தேன் வீ எக்ஸ்பெக்டட்' போதும், 'ஹேட்' சேர்த்தாலும் தப்பில்லை.)

ஆக, அவள் 'கேன்' இலக்கணப்படி சரி. ஆனால் 'நௌ' சேர்த்துப் படித்தால், ஆறு இன்றைக்கும் அவ்வளவுதான் தாங்கும் என்று அறிக்கை அடித்துச் சொல்கிறது. அதைச் சொல்ல ஆற்றின் இன்றைய அகலம், ஆழம், தூர்வாரியபின் எடுத்த அளவு வேண்டும். கோப்பில் இருந்தவை பழைய அளவுகள். 'குட்' அந்த ஓர் இரவுக்கு மட்டும் பொறுப்பேற்கும். எடிட்டர் வேலை அதுதான்.

அதுதானா? 'குட்' என்று படிப்பவர், அது அப்போ, இப்போ சரியாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வார். அதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா என்ன? சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு உள்ளவருக்கு எந்தச் சொல் அதிகம் பொய்?

"இப்போதைய கொள்ளளவு அளக்கப்படலைன்னு ஒரு வரி சேர்த்துடலாமா சார்?"

"கிளையன்ட்டைக் கேக்கணும்மா."

கேட்டோம். வேண்டாம் என்றார்கள். 'குட்' அப்படியே போனது.