தலைய குனிங்க, சின்னத்தை வீடு வருது

மூத்தவ கல்யாண கார்டு கொடுக்க நேத்து ஞாயித்துக்கெழம ஒரே நாள்ல ஏழு வீடுன்னு கெளம்புனோம். நாங்க இருக்கறது பினாங்கு தீவு, வீடுங்க எல்லாம் பாலம் தாண்டி அக்கரையில. பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், கூலிம், சுங்கைப்பட்டாணி, அப்புறம் தெக்கால நிபோங் திபால், பண்டார் பாரு, பாரிட் புந்தார். கடைசி மூணும் பக்கத்து பக்கத்து ஊரு, ஆனா ஒண்ணு பினாங்கு, ஒண்ணு கெடா, ஒண்ணு பேராக். மூணு மாநிலத்துலயும் மூணு வாட்டி சாப்புடணும், அதான் வெசயம்.

நம்ம சின்னவன் கம்ப்யூட்டர் படிக்கிறான்ல, கார்டு கவர் பின்னால ஏழு வட்டம் போட்டு, நடுவுல கோடு இழுத்து, கோட்டுக்கு மேல நிமிஷம் எழுதிட்டான். கிராஃப் தியரியாம். பாலத்து கோட்டுக்கு மட்டும் அம்புக்குறி, ஏன்னா போறப்ப ஓசி, தீவுக்கு திரும்பறப்பதான் டோல். ஏழு வீட்டுக்கு போற வரிசையே 5040 இருக்காம்.

டைக்ஸ்ட்ரான்னு ஒருத்தரு 1956ல ஆம்ஸ்டர்டாம்ல, கட்டிக்கப்போற பொண்ணுகூட கடைக்கு போயி அலுத்துப்போயி காப்பிக்கடையில உக்காந்தப்ப, பேனா பேப்பர் இல்லாம இருவது நிமிஷத்துல கிட்டத்து வழி கண்டுபுடிக்கிற கணக்க யோசிச்சாராம். எங்கம்மா கேட்டது ஒண்ணுதான், "அந்த புள்ள இருவது நிமிஷமும் வாயத் தொறக்காமயா இருந்துச்சு?"

"பாட்டி, அது ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்கு. நமக்கு எல்லா வீட்டையும் தொட்டுட்டு வரணும், அது வேற கணக்கு, ரொம்ப கஷ்டம்"னான்.

"என்னடா கஷ்டம், பெரியத்தைக்கு கொடுக்காம வேற எவ வீட்டு வாசலையும் மிதிக்கக்கூடாது"ன்னுச்சு அம்மா. 5040 அப்படியே 720 ஆயிருச்சு. அப்புறம் நாலரைலேர்ந்து ஆறு ராகு காலம், அப்ப கார்டு நீட்டக்கூடாது. பய வாய பொளந்துட்டான், இவ்ளோ வேகமா எந்த புரோகிராமும் வெட்டாதாம்.

பெரியத்தை இருக்கறது பாரிட் புந்தார். போற வழியில நிபோங் திபால்ல சின்னத்தை. பயலோட கணக்குல நாலு நிமிஷம் மிச்சம் புடிக்கிற குறுக்கு வழி அவங்க வீட்டு வாசலோட போவுது. அவங்க குடியிருப்பு தாமான் முக்கு திரும்புனதும் அம்மா "குனிங்க குனிங்க"ங்குது, பின்னால பொண்டாட்டி குனியறா, பய குனியறான், காடி ஓட்டற நான் எங்கிட்டு குனியறது? அம்மா கார்டு கட்ட தூக்கி என் மூஞ்சிக்கு மறைப்பா வைக்குது, ரோடு தெரியல, எதுக்க ஒரு மோட்டார்காரன் ஹார்ன் அடிச்சு தாமானையே எழுப்பிட்டான்.

பெரியத்தை வீட்டுக்கு பய எழுதுனது 10 நிமிஷம். ஆனது ஒன்னேமுக்கா மணி நேரம். தோச மட்டும் நாலு.

திரும்பி சின்னத்தை வீட்டுக்கு வந்தா, வாசல்லயே உளுந்துவட தட்டோட நிக்கிறாங்க. சிரிச்ச மொகம்.

"வாங்கண்ணி. கழுத்து வலி தேவலையா?"

அம்மா அசரவே இல்ல. "எல்லாம் இவன் போட்ட கணக்கு"ன்னு பேரன புடிச்சு முன்னால தள்ளிருச்சு. பயலுக்கு மட்டும் வட வரல.

கூலிமும் சுங்கைப்பட்டாணியும் அடுத்த ஞாயிறு. மறுபடி டோல்.