வெங்காயத்தாமரையும் எங்கள் வீட்டுக் குக்கரும்

ஜூன் 12க்கு மேட்டூர் திறந்துவிடும் என்கிற நம்பிக்கையில் மே மாதமே எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வாய்க்கால்களில் பொக்லைன் இறங்கிவிடும். வெங்காயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள், முதல் மழைக்கே பாதி திரும்பவும் தண்ணீருக்குள் கிடக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, ஆடுகூட வாய் வைக்காது.

கெமிஸ்ட்ரி படிக்கும் சித்தி மகன்தான் ஆரம்பித்துவைத்தான். “அண்ணே, இது பூராவும் சர்க்கரை.” வெங்காயத்தாமரையின் காய்ந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஹெமிசெல்லுலோஸாம், அதாவது சர்க்கரைகள் கோத்துக் கட்டின நார்ச்சரக்கு. அதை அமிலத்தில் வேகவைத்தால் சைலோஸ் என்கிற சர்க்கரையாக உடையும், இன்னும் சூடேற்றி அதிலிருந்து தண்ணீரைக் கழற்றினால் ஃபர்ஃப்யூரல், அதாவது பிசினும் கரைப்பானும் செய்கிற சரக்கு. அமெரிக்காவில் 1920களிலேயே ஓட்ஸ் உமியைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து இதை எடுத்திருக்கிறார்கள். ஆனால் கந்தக அமிலம் கொப்பரையை அரிக்கும், வந்த சர்க்கரையையும் கருக்கும், கடைசியில் சுண்ணாம்பு போட்டு அடக்கினால் ஜிப்சம் குவியும். அதனால்தான் செடிகளிலேயே இருக்கும் அமிலங்களின் பக்கம் போகிறார்கள். புளியாரைக் கீரையின் புளிப்பு ஆக்ஸாலிக் அமிலம்தான், நல்ல வீரியம், வேலை முடிந்ததும் படிகமாக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

புளியிலும் அமிலம் உண்டே என்று நான் தண்டை நறுக்கிப் புளிக்கரைசலில் போட்டு விசில் விட்டேன். சர்க்கரை இருந்தால் நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள், செங்கல் என்று அளவுக்கேற்ப நிறம் மாறுகிற பெனடிக்ட் கரைசலை ஊற்றிச் சூடாக்கியதும் செங்கல் நிறம்! பெருமையாக வீடியோ அனுப்பினால், “அண்ணே, புளியிலயே சர்க்கரை இருக்கே” என்கிறான் பாவி.

சரி என்று அடுத்த தடவை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். எவர்சில்வர் டப்பாவில் தண்டைப் போட்டு எலுமிச்சை உப்புக் கரைசலில் ஒன்று, வெறும் தண்ணீரில் ஒன்று, குக்கரில் ஒரு மணி நேரம். பெனடிக்ட் ஊற்றினால் வெறும் தண்ணீர் லேசாகப் பச்சை காட்டியது, மற்றது மஞ்சளுக்குப் போனது. அவ்வளவுதான். குக்கருக்குள் 120 டிகிரிதானே, ஃபர்ஃப்யூரலுக்கு இந்தச் சூடு எந்த மூலைக்கு?

எனக்கென்னவோ அமிலத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய தொல்லை என்று படுகிறது. இந்தச் செடியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர், ஒரு டன் ஏற்றினால் காய்ந்தது ஐம்பது அறுபது கிலோ தேறும், அதில் சர்க்கரையாக மாறக்கூடியது இருபது கிலோ. மீதிக்கெல்லாம் யார் டீசல் போடுவது? கரையிலேயே காயவைத்தால்தான் கட்டும். போன வாரம் களத்தில் நாலு சாக்குச் செடியை விரித்தேன், மூன்று நாள் நல்ல வெயில், அள்ளும்போது அரைச் சாக்குகூட இல்லை.